தம்பிக்கு உடம்பெல்லாம் அடி, இரண்டு காலும் முறிவு: நான்கு நாளாகியும் ஏன் கம்பி வைக்கவில்லை?

மழைத்துளி எழுதியது:

வணக்கம். நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, எழுதுவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 26 வயது. பைக்கில் போனவனை லாரி இடித்துவிட்டது. வலது தொடை எலும்பு நடுவில் முறிந்திருக்கிறது, தோல் கிழியவில்லை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே உடைந்து எலும்பே வெளியே தெரிந்தது. இடது பக்கம் ஐந்து விலா எலும்புகள் போய் நுரையீரலிலும் அடி, நெஞ்சில் குழாய் போட்டிருக்கிறார்கள். தலைக்குள் சின்ன ரத்தக்கசிவு இருக்கிறது, அதற்கு ஆபரேஷன் வேண்டாம், கவனித்தால் போதும் என்றார்கள். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியதால் அன்று இரவே வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்துவிட்டார்கள்.

அதே மயக்கத்திலேயே கால்களையும் பார்த்தார்கள். ஆனால் கம்பி உள்ளே வைக்கவில்லை. இரண்டு காலிலும் தோலுக்கு வெளியே ஆணி ஆணியாகக் குத்தி, அதன் மேல் நீளமாக ஒரு கம்பியை மாட்டி வைத்திருக்கிறார்கள். இடது காலின் புண்ணைக் கழுவிவிட்டுத் தைக்காமலே மூடி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நான்காவது நாள், இன்னும் வென்டிலேட்டரில் இருக்கிறான். எப்போது கேட்டாலும் "இப்போது முடியாது, சில நாள் போகட்டும்" என்பதுதான் பதில்.

என் பெரியம்மா மகனுக்குப் போன வருடம் இதே போலத் தொடை எலும்பு முறிந்தது. மறுநாளே உள்ளே கம்பி வைத்து மூன்றாம் நாள் வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். அதனால் வீட்டில் எல்லோரும் இங்கே காலை அலட்சியம் செய்கிறார்கள், எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடும், உடனே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்று என்று என்னை நெருக்குகிறார்கள். மயக்கம் கொடுத்தாகிவிட்டது, தியேட்டரில் படுத்தாகிவிட்டது, அப்போதே எல்லாவற்றையும் முடித்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. கையெழுத்துப் போட வேண்டியவள் நான்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தியேட்டர்வாசி எழுதியது:

சகோதரி, நான் எலும்பு முறிவு அறுவை டாக்டர், பல இடத்தில் அடிபட்டு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் தம்பியின் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இதுதான் சரி என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அன்று இரவு அவர்கள் செய்தது நானும் செய்திருக்கக்கூடியதுதான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாவிட்டாலும் தொடைச் சதைக்குள்ளேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை ரத்தம் தேங்கலாம். கீழ்க்கால் முறிவில் இன்னும் அரை லிட்டர், முக்கால் லிட்டர் போகலாம். அதற்கு மேல் மண்ணீரல் கசிவு. இப்படி ரத்தம் இழந்து வருகிற உடம்பு குளிர்ந்துபோகும், ரத்தத்தில் அமிலம் ஏறும், ரத்தம் உறையும் சக்தி குறையும். இந்த மூன்றும் ஒன்றையொன்று மோசமாக்கிக்கொண்டே போகும். அந்த நிலையில் மேஜையில் கூடுதலாக இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் கால் நேராகியிருக்கும், ஆள் கையை விட்டுப் போயிருப்பார்.

அப்புறம் அந்த உள்கம்பி விஷயம். நெயில் என்று நாங்கள் சொல்வது எலும்பின் நடுக்குழலுக்குள் போகிற நீளமான கம்பி. அதை நுழைப்பதற்கு முன்னால் பெரும்பாலும் குழலைக் குடைந்து அகலப்படுத்துவோம். குழலுக்குள் இருப்பது மஜ்ஜை, அதில் நிறைய கொழுப்பு. குடையும்போது உள்ளே அழுத்தம் ஏறி அந்தக் கொழுப்புத் துகள்கள் ரத்தக் குழாய்க்குள் தள்ளப்பட்டு நேராக நுரையீரலில் போய் அடைகின்றன. நல்ல நுரையீரல் அதைத் தாங்கிக்கொள்ளும். பெரியம்மா மகனுக்கு நடந்தது அதுதான், அவருக்கு அடிபட்டது கால் மட்டும். உங்கள் தம்பிக்கு நுரையீரலே நசுங்கியிருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே எலும்புதான் முறிந்தது என்றாலும் இரண்டும் ஒரே நோய் இல்லை.

இந்த விஷயத்தில் எங்கள் துறையே இரண்டு மூன்று தடவை மனம் மாறியிருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்குக் கொஞ்சம் தெளிவு வரும். ஒரு காலத்தில் இப்படி அடிபட்டவர்களை ஆபரேஷன் தாங்கமாட்டார்கள் என்று காலில் எடை கட்டி இழுத்து வாரக்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். படுத்தே கிடந்ததில் நிமோனியா, ரத்தக்கட்டி, படுக்கைப்புண் என்று பலர் போனார்கள். 1989-ல் அமெரிக்காவில் 178 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பல இடத்தில் அடிபட்டவர்களில் 24 மணி நேரத்துக்குள் தொடை எலும்பைப் பொருத்தியவர்களுக்கு, 48 மணி நேரம் கழித்துச் செய்தவர்களை விட நுரையீரல் சிக்கல் குறைவாக இருந்தது. உடனே எல்லோரும் முதல் நாளே எல்லா எலும்பையும் சரிசெய் என்று அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அதிலும் ஒரு கூட்டம் நோயாளிகள் மோசமானார்கள். நெஞ்சிலும் பலத்த அடி இருந்தவர்களுக்கு முதல் நாளே குடைந்து நெயில் போட்டால் நுரையீரல் செயலிழப்பு அதிகமாகிறது என்று 1990-களில் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து எழுதினார்கள். 2000-ல் அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து வந்த கட்டுரைதான் உங்கள் தம்பிக்குச் செய்த முறைக்குப் பெயர் கொடுத்தது. டேமேஜ் கன்ட்ரோல் என்பார்கள். அடிபட்ட கப்பலை முதலில் மூழ்காமல் நிறுத்து, துறைமுகம் போய்ச் சேர்ந்த பிறகு முழுசாகப் பழுது பார் என்று கடற்படையில் சொல்வதிலிருந்து வந்த சொல். வெளியிலிருந்து ஆணி குத்திக் கம்பி மாட்டுவது அரை மணி நேர வேலை, ரத்த இழப்பும் மிகக் குறைவு. எலும்பு அசையாது, அதனால் உள்ளே கசிவதும் வலியும் குறையும், நர்சுகள் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கவும் நெஞ்சை நிமிர்த்தி வைக்கவும் முடியும்.

இப்போது யாரும் எல்லோருக்கும் முதல் நாள், எல்லோருக்கும் தள்ளிப்போடு என்று ஒரே விதி வைப்பதில்லை. உடம்பு நிலையாக இருந்தால், அல்லது ரத்தமும் சூடும் ஆக்ஸிஜனும் கொடுத்து சில மணி நேரத்தில் தேறிவிட்டால், 36 மணி நேரத்துக்குள் செய்துவிடுவதுதான் நல்லது. தேறாவிட்டால் வெளிக்கம்பி. எக்ஸ்ரேயைப் பார்த்து எடுக்கிற முடிவே இல்லை இது.

கோணலாகச் சேர்ந்துவிடுமா என்று கேட்டீர்கள். ஒரு வாரத்தில், பத்து நாளில் தொடை எலும்பு சேர்ந்து இறுகாது, அப்போதும் நேராக்கி நெயில் போட முடியும். ஆனால் நாங்கள் இதை வாரக்கணக்கில் இழுக்கவும் மாட்டோம். ஆணி போன வழியில் கிருமி குடியேறும், நாள் ஆக ஆக அது உள்கம்பிக்கும் பரவும் ஆபத்து கூடும். அதனால் உடம்பு இடம் கொடுத்தால் இரண்டு வாரத்துக்குள் மாற்றிவிடப் பார்ப்போம்.

ஆஸ்பத்திரி மாற்றும் விஷயத்துக்கு ஒன்றே ஒன்றைப் பாருங்கள். ஐசியூ, நரம்பு அறுவை டாக்டர், எலும்பு டாக்டர், புண்ணை மூட பிளாஸ்டிக் சர்ஜன் எல்லோரும் அங்கேயே இருக்கிறார்களா? இருந்தால் வென்டிலேட்டரில் இருக்கிறவரை ஆம்புலன்ஸில் ஏற்றாதீர்கள். அந்தப் பயணமே ஓர் அடி. யாராவது இல்லை என்றால், அந்த டாக்டர்களிடமே நேராகக் கேளுங்கள், அவர்களே பாதுகாப்பாக அனுப்பி வைப்பார்கள்.


இரவுப்பணி எழுதியது:

நான் எலும்பு வார்டில் பயிற்சி டாக்டர். திரியின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதில் எனக்கே ஒரு குழப்பம் இருக்கிறது. ரத்தத்தில் லாக்டேட் (உறுப்புகளுக்கு ஆக்ஸிஜன் போதாவிட்டால் ஏறுவது) 4-க்குக் கீழே, ரத்தத்தின் அமில நிலையைக் காட்டும் பி.எச். 7.25-க்குக் குறையாமல், அதையே வேறு விதமாகக் காட்டும் பேஸ் எக்ஸஸ் மைனஸ் 5.5-க்கு மேலே வந்தால் தொடை எலும்பைப் பொருத்தலாம் என்று ஒரு சீனியர் சொல்கிறார். இன்னொருவர் லாக்டேட் 2-க்குக் கீழே வராமல் தியேட்டருக்குக் கொண்டு வராதே என்று திட்டுகிறார். எதைப் பிடித்துக்கொள்வது? அப்புறம் இரண்டாம் நாள் ஆள் நன்றாக இருந்தாலும் இரண்டு முதல் நான்கு நாள் வரை பெரிய ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்களே, அது எதனால்?


மூச்சுக்காரன் எழுதியது:

மயக்க மருந்து டாக்டர், பாதி நாள் ஐசியூவில்தான் இருப்பேன். தம்பி இரவுப்பணி, உன் இரண்டு சீனியரும் சொல்வது சரிதான், வேறு வேறு நேரத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். 4, 7.25, மைனஸ் 5.5 என்பது முதல் 36 மணி நேரத்துக்குள் நெயில் போட ஆரம்பிக்கலாமா என்பதற்கான வாசற்படி. அதிலும் மூன்றில் ஒன்று தேறினால் போதும் என்று தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். 2 என்பது உடம்பு ஷாக்கிலிருந்து, அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையிலிருந்து, முழுவதும் மீண்டுவிட்டது என்பதன் அடையாளம். அதோடு சிறுநீர் நன்றாகப் போக வேண்டும், ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க மருந்து தேவைப்படக் கூடாது, ரத்தம் ஒழுங்காக உறைய வேண்டும், உடம்பு சூடு சரியாக இருக்க வேண்டும். ஒரு தடவை எடுத்த எண்ணை மட்டும் பார்க்காதே. 6 இருந்தது 3.5 ஆகி இறங்கிக்கொண்டிருக்கிறவரும், 2.5 இருந்தது 3.5 ஆகி ஏறிக்கொண்டிருக்கிறவரும் ஒன்றில்லை. இரண்டாமவருக்கு எங்கேயோ இன்னும் கசிகிறது, முதலில் அதைத் தேடு.

இரண்டு முதல் நான்கு நாள் பற்றி, இதை மழைத்துளியும் படிக்கட்டும். விபத்து உடம்புக்கு முதல் அடி. அதற்கு எதிர்வினையாக உடம்பு முழுவதும் ஓர் அழற்சி கிளம்பும், ரத்தக் குழாய்களெல்லாம் கசிய ஆரம்பிக்கும், நுரையீரலில் நீர் கோக்கும், வீக்கம் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் நாம் செய்கிற பெரிய ஆபரேஷன் இரண்டாவது அடி. முதல் அடியைத் தாங்கிய நுரையீரலும் சிறுநீரகமும் இரண்டாவதில் கவிழ்ந்துவிடலாம். பொதுவாக ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வீக்கம் வடிந்து உடம்பு கொஞ்சம் இடம் கொடுக்கும், பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வெளிக்கம்பியை எடுத்துவிட்டு நெயில் போடுவோம். நாள்காட்டியை மட்டும் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை இது, ஆறாம் நாளிலும் காய்ச்சல் ஏறி ஆக்ஸிஜன் இறங்கினால் இன்னும் காத்திருப்போம்.

அம்மா, உங்கள் தம்பிக்குத் தலையிலும் அடி இருக்கிறது, என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய பயம். அடிபட்ட மூளைக்கு ரத்த அழுத்தம் இறங்குவதும் ஆக்ஸிஜன் குறைவதும் விஷம் மாதிரி. மேல் அழுத்தம் 90-க்குக் கீழே கொஞ்ச நேரம் போனாலே பலத்த தலைக்காயத்தில் பிழைக்கிற வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. தொடை நெயில் ஆபரேஷனில் ரத்தம் போகும், அழுத்தம் ஆடும், என்ன மருந்து கொடுத்தாலும் சில நிமிடம் கையில் நிற்காது. கால் ஒரு வாரம் பொறுக்கும், மூளை ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காது.

முதல் மூன்று நாளில் இன்னொன்றும் வரலாம். எலும்புக் கொழுப்பு தானாகவே நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்த் திடீரென்று ஆக்ஸிஜன் குறைவது, குழப்பம், அக்குளிலும் நெஞ்சிலும் கண்ணின் வெள்ளைப் பகுதியிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். எலும்பைச் சீக்கிரம் அசையாமல் பிடித்து வைத்தால் இதுவும் குறையும், அதனால் வெளிக்கம்பியை அரைகுறை வேலை என்று எண்ண வேண்டாம்.

காலுக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல இடத்தில் அடிபட்டவர்களிடம் இப்படித்தான் ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று விட்டுப்போகும். மண்ணீரலை எடுத்தவர்களுக்குச் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி) என்ற கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போட வேண்டும், வழக்கமாக ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஒட்டி. டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஞாபகமாகக் கேளுங்கள்.


மழைத்துளி எழுதியது:

டாக்டர்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் தடவையாக என்ன நடக்கிறது என்று புரிகிறது. நரம்பு டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன் எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள், மாற்றவில்லை, வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

ஆனால் இன்று காலை அந்த பிளாஸ்டிக் சர்ஜன் வந்து இடது காலைப் பார்த்துவிட்டு "திரும்பக் கழுவ வேண்டும், சதை வைத்து மூட வேண்டியிருக்கும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் "பார்க்கலாம்" என்னைக் கொல்கிறது. காலை எடுப்பதைப் பற்றிப் பேசுகிறார்களா? பாதத்தில் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று தெரியவில்லை என்றும் ஒரு டாக்டர் சொன்னார்.


தியேட்டர்வாசி எழுதியது:

இல்லை சகோதரி, சதை வைத்து மூடுவது காலைக் காப்பாற்றுகிற வேலை. எடுக்கப்போகிற காலுக்கு யாரும் அவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

எலும்பு வெளியே வந்த முறிவில் முதல் எதிரி கிருமி. வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும், முதல் நாளுக்குள் தியேட்டரில் செத்த சதையையும் மண்ணையும் அகற்றிக் கழுவ வேண்டும், தைத்து மூடாமல் விட வேண்டும். அதை அவர்கள் செய்திருக்கிறார்கள். எது செத்த சதை, எது பிழைக்கும் சதை என்று முதல் நாள் முழுவதும் தெரியாது, அதனால்தான் திரும்பப் பார்ப்பது. முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பின் முன்பக்கம் தொட்டுப் பாருங்கள், தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கும், மூடுவதற்குச் சதையே கிடையாது. அதனால் கெண்டைச் சதையில் ஒரு பகுதியைத் திருப்பியோ, வேறு இடத்திலிருந்து ரத்தக் குழாயோடு எடுத்து ஒட்டியோ மூடுவார்கள். மூன்று நாளுக்குள் மூடுவதுதான் உத்தமம், ஆனால் வென்டிலேட்டரில் இருக்கிறவருக்கு எட்டு மணி நேர ஆபரேஷன் செய்ய முடியாது. புண்ணை மூடும் நாளும் எலும்பை நிரந்தரமாகப் பொருத்தும் நாளும் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு டாக்டர்களும் சேர்ந்து நாள் குறிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பாதத்தில் உணர்வு இல்லாததை மட்டும் வைத்துக் காலை எடுக்கத் தேவையில்லை. மயக்க மருந்தில் இருக்கிறவருக்கு அதைச் சோதிக்கவே முடியாது. நினைவோடு இருந்தவர்களில்கூட முதலில் உணர்வில்லாமல் இருந்து பிறகு திரும்ப வந்தவர்கள் நிறையப் பேர். காலை எடுக்க வேண்டி வருவது ரத்த ஓட்டம் ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோய்ச் சதை செத்துவிட்டால், அல்லது அந்தக் காலே உயிருக்கு ஆபத்தாகிவிட்டால். நான்காம் நாள் பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் ரத்த ஓட்டம் பற்றிய அந்தப் பெரிய பயம் ஓரளவு தாண்டிவிட்டது.

உண்மையை முழுவதும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லவில்லை என்று நீங்கள் வருந்தக் கூடாது. மிக மோசமாக நசுங்கிய கால்களைக் காப்பாற்றியவர்களையும் எடுத்தவர்களையும் ஒப்பிட்டு 569 பேரை வைத்து 2002-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு வந்தது. இரண்டு வருடம் கழித்து அன்றாட வாழ்க்கையில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காப்பாற்றிய காலுக்குத் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது. உங்கள் தம்பி கால் அந்த அளவுக்கு மோசமானதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இது ஒரே ஆபரேஷனோடு முடிகிற கால் இல்லை என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.


வார்டுவிளக்கு எழுதியது:

அக்கா, நான் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர்கள் பெரிய விஷயமெல்லாம் சொல்லிவிட்டார்கள், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

மயக்கத்தில் இருக்கிற நோயாளியால் கால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. முறிந்த காலில் சதை வீங்கி, அதைச் சுற்றியிருக்கிற உறை விரியாமல், உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே நின்றுபோகிற ஒரு நிலை உண்டு. நினைவோடு இருக்கிறவர்கள் தாங்க முடியாத வலி என்று அலறுவார்கள், விரலை நீட்டினாலே துடிப்பார்கள். மயக்கத்தில் இருக்கிறவரிடம் அந்த அலறல் கிடையாது, அதனால் மணிக்கொரு தடவை கெண்டையைத் தொட்டு இறுக்கம் பார்ப்போம், சந்தேகம் வந்தால் டாக்டர் ஊசி வைத்து அழுத்தத்தை அளப்பார். கீழ் ரத்த அழுத்தத்துக்கும் அந்த அழுத்தத்துக்கும் இடைவெளி 30-க்குக் கீழே வந்துவிட்டால் உடனே உறையைக் கீறிவிட வேண்டும். பாதத்தில் நாடி தெரிகிறதே என்று யாரும் நிம்மதியாக இருக்கக் கூடாது, நாடி கடைசியில்தான் போகும். இந்த ஆபத்து முதல் சில நாளில்தான் அதிகம்.

பார்க்கப் போகும்போது நீங்களும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று குதிகால், கட்டிலில் அழுந்திப் புண்ணாகாமல் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறார்களா என்று. இன்னொன்று பாதம் கீழ்நோக்கித் தொங்காமல் நேராக நிற்கும்படி ஏதாவது தாங்கல் வைத்திருக்கிறார்களா என்று. மூன்று வாரம் தொங்கிய பாதத்தைத் திரும்ப நிமிர்த்த மூன்று மாதம் ஆகும், நான் கண்ணால் பார்த்தது. ஆணி இருக்கும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் மாதிரிக் கசிவது சாதாரணம், சீழும் சுற்றிலும் சிவப்பும் வந்தால் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் தொடாதீர்கள்.

ரத்தக்கட்டி வராமல் வயிற்றில் போடுகிற ஊசி அவருக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் அது தலைக்குள் இருக்கிற கசிவுக்காக இருக்கும். ஸ்கேனில் கசிவு கூடவில்லை என்று உறுதியானதும் தொடங்குவார்கள். எப்போது என்று கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரிடம் பேசுங்கள் அக்கா, பேர் சொல்லி, இன்று என்ன கிழமை என்று சொல்லி. மயக்கம் தெளியும்போது வருகிற குழப்பத்துக்கு வீட்டு ஆட்களின் குரல் நல்லது.


இரண்டாம்நடை எழுதியது:

அக்கா, எனக்கு இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. நெஞ்சு, இடுப்பெலும்பு, இடது தொடை. எனக்கும் வெளிக்கம்பிதான் முதலில், ஒன்பதாம் நாள் நெயில். தொடை நன்றாகவே சேர்ந்துவிட்டது, இன்று அதைப் பற்றி நான் நினைப்பதுகூட இல்லை.

என்னை இன்றுவரை நொண்ட வைப்பது வலது பாதம். பாதத்தின் நடுவில் சின்ன எலும்புகள் சேருகிற இடத்தில் விலகியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. எல்லோருடைய கவனமும் உயிரின் மேல் இருந்தது, அது சரிதான், நான் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐசியூவில் இருந்தபோது பாதம் வீங்கியிருந்தது, உடம்பே வீங்கியிருந்ததால் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். ஏழாவது வாரம் எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது. அதற்குள் அது பழசாகிவிட்டது. ஆபரேஷன் செய்தும் முழுசாகச் சரியாகவில்லை.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், உயிர் ஆபத்து தாண்டியதும் தலையிலிருந்து கால் விரல் வரை திரும்ப ஒரு தடவை முழுசாகச் சோதித்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். மயக்கம் தெளிந்த பிறகு இன்னொரு தடவையும் கேளுங்கள், அப்போதுதான் நோயாளியே எங்கே வலிக்கிறது என்று காட்டுவான். இரண்டு பாதம், இரண்டு கணுக்கால், இரண்டு மணிக்கட்டு, முழங்கால் தசைநார்.


தியேட்டர்வாசி எழுதியது:

இரண்டாம்நடை சொன்னதை நான் முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். பல இடத்தில் அடிபட்டுப் பிழைத்தவர்களைப் பல வருடம் கழித்துப் பார்த்தால், அவர்களுடைய நடையையும் வேலையையும் பெரும்பாலும் கெடுத்திருப்பது முழங்காலுக்குக் கீழே உள்ள காயங்கள்தான், அதிலும் பாதம். அதோடு இன்னொன்று. தொடை எலும்பு நடுவில் முறிந்தவர்களில் சிலருக்கு அதே பக்கம் இடுப்புக்கிட்ட, எலும்பின் கழுத்திலும் மெல்லிய கீறல் இருக்கும். நூற்றில் சில பேர்தான், ஆனால் சாதாரண எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும். நெயில் போடுவதற்கு முன்னால் சி.டி. ஸ்கேனில் அந்தக் கழுத்தைத் தனியாகப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். முதல் நாள் வயிற்றுக்கு எடுத்த ஸ்கேனிலேயே அது வந்திருக்கும், திரும்ப எடுக்கக்கூடத் தேவை இருக்காது.


மழைத்துளி எழுதியது:

எட்டாம் நாள். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

நேற்றுக் காலை லாக்டேட் 1.6 என்றார்கள், தலை ஸ்கேனில் கசிவு கூடவில்லை, ஆக்ஸிஜனும் குறைவாகவே தேவைப்பட்டது. வலது தொடைக்கு நெயில் போட்டுவிட்டார்கள். முழங்கால் வழியாகக் கீழிருந்து மேலே செலுத்தினார்களாம், அப்படிச் செய்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டியதில்லை, நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இடுப்புக் கழுத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, உட்கார வைத்து ஸ்கேனைத் திறந்து காட்டினார், கீறல் இல்லை. இடது காலுக்கு நாளை மறுநாள் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து செய்கிறார்கள், எலும்பும் சதையும் ஒரே நாளில்.

இரண்டாம்நடை தம்பி, உங்களுக்குத்தான் முதலில் எழுத நினைத்தேன். பாதத்தைக் கேட்டதும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பாதத்தில் இரண்டு எலும்புகள் முறிந்திருக்கின்றன. விலகவில்லை, கட்டுப் போட்டாலே போதும் என்றார்கள். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் எனக்குக் கேட்கவே தோன்றியிருக்காது.

இன்று காலை மயக்க மருந்தைக் குறைத்தார்கள். வலது கால் கட்டைவிரலை ஆட்டுடா என்றேன், ஆட்டினான். இடது காலிலும் கொஞ்சம் அசைந்தது. எப்போது ஊன்றலாம் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், அவன் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.


தியேட்டர்வாசி எழுதியது:

ரொம்ப நல்ல செய்தி. வலது தொடையில் நெயில் நன்றாகப் பிடித்திருந்தால் அந்த எலும்பு எடையைச் சீக்கிரமே தாங்கும், ஆனால் அதே பக்கப் பாதத்தில் முறிவு இருப்பதால் ஊன்றும் நாளை அந்தப் பாதம்தான் முடிவு செய்யும், அநேகமாகச் சில வாரம். இடது காலில் மூடிய சதை பிழைத்து ஒட்டும் வரை தொங்கப்போடவே மெல்ல மெல்லத்தான் விடுவார்கள், எலும்பு சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கட்டிலில் உட்காருவது, முழங்காலை மடக்கி நீட்டுவது, கைகளுக்குப் பலம் ஏற்றுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது இதெல்லாம் வென்டிலேட்டர் எடுத்த சில நாளிலேயே ஆரம்பிக்கலாம். பிசியோதெரபிஸ்ட் எப்போது வருவார் என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள். நாளை மறுநாள் ஆபரேஷன் முடிந்ததும் இங்கே எழுதுங்கள்.